உப்பு போட்டதும் கூடிய பொட்டாசியம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று லேபிலிருந்து கேட்டார்கள். நாலே வார்த்தை போதுமென்றால் இதோ: தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். முடிந்தது. ஆனால் வேலையில் இருந்தவரை நான் எதையும் சுருக்கமாகச் சொன்னதில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்றதும் திருந்திவிடுவேன் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நான் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்ட கதை இல்லை இது. என் சர்வீஸிலேயே நான் மிகவும் குழம்பிப்போய் நின்ற ஒன்றரை நாளின் கதை. அதில் ஒரு பெண்ணின் பிழைப்பே போயிருக்கும்.

அயனியாக்கும் ஆற்றல் என்றால் என்ன என்று உங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். ஓர் அணுவிடமிருந்து அதன் வெளிக்கூட்டு எலக்ட்ரானைப் பிடுங்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது. அட்டவணையில் இடமிருந்து வலமாகப் போனால் கூடும், மேலிருந்து கீழே வந்தால் குறையும். காரணமும் சொல்வீர்கள். வலப்பக்கம் போகப் போக அணுக்கருவின் பிடி இறுகுகிறது. கீழே வர வர வெளி எலக்ட்ரான் தூரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, நடுவே மற்ற எலக்ட்ரான்கள் மறைக்கின்றன, பிடி தளர்கிறது. இதை எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். வேலைக்கு வந்த பிறகு இது எங்கேயாவது உதவியதா என்று கேட்டால் முழிப்பீர்கள். நானும் முழித்தவள்தான்.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன். "இடமிருந்து வலம் கூடும் என்கிறீர்களே, எங்கே இந்த வரிசை தப்புகிறது?" நிறையப் பேர் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள். நந்தினி என்று குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டில் லுங்கி நெய்கிற பவர்லூம் ஓடுகிறது, எம்.எஸ்சி. முடித்திருந்தாள். அவள் சொன்னது வேறு மாதிரி.

"பெரிலியத்துலேர்ந்து போரானுக்கு வரும்போது கம்மியாவுது மேடம். நைட்ரஜன்லேர்ந்து ஆக்ஸிஜனுக்கு வரும்போதும் கம்மியாவுது. காரணமும் மனப்பாடமா தெரியும். ஆனா சொல்லி முடிச்சதும் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வர மாட்டேங்குது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி முகத்தைச் சுளித்தார். நான் அவளை எடுத்துக்கொண்டேன். சந்தேகப்படத் தெரிந்தவர்கள் லேபுக்கு வேண்டும். ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் எங்கேயும் கிடைப்பார்கள்.

ராணிப்பேட்டையில் நம் லேப் எதற்காக இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தோல் பதனிடும் டேனரித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், எதைக் கொண்டுவந்தாலும் பார்த்துச் சொல்கிறோம். பெரும்பாலும் கேட்பது குரோமியம் எவ்வளவு என்று. வருகிற தண்ணீரில் பாதிக்கு மேல் வாயில் வைக்க முடியாத உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பைக் கொட்டி அனுப்புகிறார்கள். இங்கே டேனரியில் அதை ஊறவைத்தால் அத்தனை உப்பும் தண்ணீருக்கு வந்துவிடுகிறது.

சாம்பிளைத் தீயில் விட்டு, வெளிச்சம் பாய்ச்சி, எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து அளவு சொல்லும் நம் ஏ.ஏ.எஸ். மெஷினுக்கு இந்த உப்பு ஜென்ம விரோதி. பர்னரில் தீ வரும் வாய் ஒரு மெல்லிய கீறல் மாதிரி இருக்கிறதல்லவா, அதில் உப்பு படிந்தால் அடைத்துக்கொள்ளும். தீ பல்லு போன வாய் மாதிரி இளிக்கும். அதனால் இந்தப் பக்கத்து லேபுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சாம்பிள் வந்ததும் முதல் கேள்வி, "உப்பா?" ஆமாம் என்றால் அடுத்த வார்த்தை, "டைலூட் பண்ணு." நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டுத்தான் மெஷினிடம் கொண்டுபோவோம். வரும் ரீடிங்கை அதற்கேற்றபடி பெருக்கிக்கொள்வோம். உப்பு என்பது எங்களுக்குத் துடைத்துப் போட வேண்டிய அழுக்கு. அதற்கென்று ஒரு குணம் இருக்கும், அது தீக்குள் போய் ஏதாவது செய்யும் என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. உப்பிலேயே புழங்குகிறவர்களுக்கு உப்பு கண்ணில் படாது.

இந்தச் சமயத்தில் ஆம்பூர் டேனரி ஒன்றிலிருந்து ஒரு சாம்பிள் வந்தது. அங்கே மேனேஜராக இருந்தவர் நல்ல மனிதர், எல்லோருக்கும் அவர் பாய். தோலுக்குப் போடும் உப்பில் கொஞ்சம் பொட்டாஷ் உப்பைக் கலந்து சோதனை செய்துகொண்டிருந்தார்கள். கழிவுத் தண்ணீரில் சோடியம் குறையும், பொட்டாசியம் என்றால் பயிருக்காவது ஆகும் என்று கணக்கு. ஊறவைத்த தண்ணீரில் பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டிருந்தார். நம் லேபுக்குப் பொட்டாசியம் அபூர்வ விருந்தாளி. நந்தினி பார்த்து எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன், ரிப்போர்ட் போயிற்று.

சில நாள் கழித்து ஒரு காலையில் முதலாளி அதே சாம்பிளை என்னிடம் கொடுத்து, யாரிடமும் சொல்லாமல் நீங்களே ஒரு தரம் பாருங்கள் என்றார். பார்த்தேன். நந்தினி எழுதியதைவிட ரொம்பக் குறைவாக வந்தது. எண்ணை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். மேசைமேல் வேலூர் லேப் ஒன்றின் ரிப்போர்ட் இருந்தது. பாய் அங்கேயும் அதே தண்ணீரைக் கொடுத்திருக்கிறார். அவர்கள் எண்ணும் என் எண்ணும் ஏறக்குறைய ஒன்று.

"இன்னா மேடம் இது?" என்றார் முதலாளி. "ஒரே தண்ணி. வேலூர்காரன் ஒண்ணு சொல்றான், நீங்களும் அதையே சொல்றீங்க. இந்தப் பொண்ணு மட்டும் எங்கியோ நிக்கிது. உக்காந்த எடத்துல எழுதிட்டாளா?"

உட்கார்ந்த இடத்தில் எழுதுவது என்றால் மெஷின் பக்கமே போகாமல் மேசையில் ரீடிங்கை இட்டுக்கட்டுவது. நம் தொழிலில் இதைவிடக் கெட்ட பெயர் கிடையாது. ரீடிங் தப்பாகப் போனால் திட்டுவார்கள், மறுபடி பார்க்கச் சொல்வார்கள். இட்டுக்கட்டியவள் என்று ஒரு லேபில் சொல்லி அனுப்பினால் அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு ஒருவரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

"ஆமான்னு ஒரு வரி எழுதி கையெழுத்து போட்டுடுங்க. நாளைக்கு மத்தியானம் பாய் வர்றாரு, அவருக்கு ஒரு பதில் சொல்லணும். இந்தப் பொண்ணு நாளையிலேர்ந்து வேணாம்" என்றார். பிறகு எனக்கு ஆறுதல் மாதிரி, "உங்களையும் இல்ல ஏமாத்திட்டா" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஆறுதல் எனக்கு இனித்தது. தப்பான ரிப்போர்ட்டில் இருப்பது என் கையெழுத்து. அவள் ஏமாற்றினாள் என்றால் நான் ஏமாந்தவள் மட்டும்தான். பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்.

எழுத வந்த கை ஒரு சின்ன விஷயத்தில் நின்றது. இட்டுக்கட்டுகிறவள் எந்த எண்ணை எழுதுவாள்? கேட்கிறவன் நம்புகிற எண்ணை எழுதுவாள். கலந்த பொட்டாஷ் இவ்வளவு, அதனால் தண்ணீரில் இவ்வளவு வரலாம் என்று பாயே சாம்பிளோடு ஒரு உத்தேசம் சொல்லி அனுப்பியிருந்தார். நந்தினியின் எண் அதற்கும் மேலே போய் உட்கார்ந்திருந்தது. பொய் சொல்ல நினைத்தவள் இவ்வளவு வம்பான பொய்யைத் தேடிப் பிடித்திருக்க மாட்டாள்.

"சார், பாய் சாப்பாட்டுக்கு அப்பறம்தான வர்றாரு? அதுவரைக்கும் டைம் குடுங்க."

"எதுக்கு? அதான் தெரிஞ்சிபோச்சே."

"எனக்குத் தெரியல சார்."

எனக்குக் காய்ச்சலோ என்கிற மாதிரி அவர் என்னைப் பார்த்தார். அந்த வார்த்தையை அவர் முன்னால் நான் சொன்னதே இல்லை. சீனியர் என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "நாளைக்கு மத்தியானம். அதுக்கு மேல பேஜார் பண்ணாதீங்க" என்றார்.

நந்தினியிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் அழவில்லை, கோபப்பட்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

"தறி சத்தத்துல எங்க அப்பாவுக்குப் பாதி வார்த்தை காதுல விழாது மேடம். இது மட்டும் கரெக்டா விழும். நான் இன்னா பண்ணட்டும் இப்ப?"

"என் கண் முன்னாடி ஒரு வாட்டி பண்ணு."

செய்தாள். பழைய எண்ணே வந்தது. நான் செய்தேன். காலையில் வந்த எண்ணே வந்தது. ஒரே பாட்டில், ஒரே மெஷின், ஒரே தீ. பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு பேரும் இரண்டு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இரண்டு பேர் செய்ததிலும் இருந்த ஒரே வித்தியாசம் டைலூஷன். அவள் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றியிருந்தாள். நான் பர்னருக்குப் பயந்து ஊர் வழக்கப்படி தாராளமாக ஊற்றியிருந்தேன். அதனால் என்ன? ஒரு லிட்டர் பாலில் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே இருப்பது ஒரு லிட்டர் பால்தானே? எவ்வளவு ஊற்றினோமோ அந்தக் கணக்கில் பெருக்கிக்கொள்கிறோம், இரண்டும் ஒன்றாக வந்தாக வேண்டும். அவளை வேறு மாதிரி டைலூட் பண்ணச் சொன்னேன். மூன்றாவதாக ஒரு எண் வந்தது. தண்ணீர் கூடக் கூட, பெருக்கிப் பார்த்தால் பொட்டாசியம் குறைந்துகொண்டே போயிற்று. எங்கே போகிறது அது?

சரி, அவளுடைய ஃப்ளாஸ்கில் உப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். இன்னமும் அவள் தப்பைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், பார்த்தீர்களா? அதை நிரூபிக்க, சுத்தமான பொட்டாசியம் ஸ்டாண்டர்டில், அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் அளவு தெரிந்த கரைசலில், வேண்டுமென்றே லேப் உப்பு, வெறும் சோடியம் குளோரைடு, கொஞ்சம் போட்டுத் தீயில் விட்டேன். பொட்டாசியம் ரீடிங் ஏறியது. "உப்புல பொட்டாசியம் கலந்திருக்கு, அவ்வளவுதான்" என்று வெற்றிச் சிரிப்பு சிரித்துவிட்டு, உப்புத் தண்ணீரை மட்டும் தனியாக விட்டேன். மெஷின் ஒன்றுமே இல்லை என்றது.

"ஜீரோவ சேத்தா ஏறுது மேடம்" என்றாள் நந்தினி. அவள் கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

மெஷினுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சர்வீஸ் இன்ஜினியருக்குப் போன் போட்டேன். அவர் எங்கேயோ பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

"சீசியம் போட்டீங்களா மேடம்?"

"எதுக்கு?"

"பொட்டாசியம் பாத்தா சீசியம் போடணும் மேடம். சாம்பிள்லயும் போடணும், ஸ்டாண்டர்ட்லயும் போடணும்."

"அதான், எதுக்குன்னு கேக்கறேன்."

"போடணும் மேடம்" என்றார், குழந்தையிடம் சொல்வது போல. "காரணம்லாம் எனக்குத் தெரியாது. போட்டா சரியாயிடும்."

சீசியம் நம்மிடம் ஏது? சென்னையில் சொல்லி வரவழைக்க வேண்டும், நாளாகும். ஆனால் அந்தப் பெயர் என் தலையில் தொங்கிக்கொண்டே இருந்தது. சுவரில் தனிம அட்டவணை மாட்டியிருந்தது. அத்தனை வருஷமாக அது எனக்கு ஒரு காலண்டர் மாதிரி. அன்றைக்குத்தான் எழுந்து போய் அதன் முன்னால் நின்றேன். முதல் தொகுதி. லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபிடியம், சீசியம். கீழே வர வர எலக்ட்ரானைப் பிடுங்குவது சுலபம். சீசியம் கேட்காமலே கொடுத்துவிடும்.

நந்தினி பக்கத்தில் வந்து நின்றாள். "மேடம், தீயில போனா பொட்டாசியம் எலக்ட்ரானை விட்டுடும் இல்ல? அவ்ளோ சூட்டுல?"

"கொஞ்சம் விடும்."

"எலக்ட்ரானை விட்ட பொட்டாசியம், நம்ம மெஷின் அனுப்பற வெளிச்சத்த உறிஞ்சாது. அப்ப மெஷின் கண்ணுக்கு அது தெரியாது. தீயில இருக்கும், ஆனா இல்லாத மாதிரி."

இது பொட்டலம் பிரித்த மாதிரி இருந்தது. மெஷின் எண்ணுவது முழு அணுவை மட்டும்தான். எலக்ட்ரானை இழந்த அணு கணக்கில் வராது. ஆக, பொட்டாசியம் தீயில் காணாமல் போகிறது. தண்ணீர் ஊற்றி அணுக்களை இளைக்க வைத்தால் இன்னும் பெரிய பங்கு காணாமல் போகும், ஏனென்றால் இழந்த எலக்ட்ரானைத் திரும்பப் பிடிக்கப் பக்கத்தில் ஒன்றும் இருக்காது. டைலூட் பண்ணப் பண்ண என் எண் குறைந்தது அதனால்தான். இதுவரை சரி.

அப்படியானால் உப்பு போட்டதும் ஏன் ஏறியது? இங்கேதான் நான் படித்த படிப்பே எனக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. சோடியம் அட்டவணையில் பொட்டாசியத்துக்கு மேலே இருக்கிறது. எலக்ட்ரானை அதைவிட இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. தன்னுடையதையே விடாத சோடியம், பொட்டாசியத்துக்கு எப்படிக் கொடுத்து உதவும்? சீசியம் உதவும் என்றால் புரிகிறது. சோடியம் உதவும் என்றால் மேலிருந்து கீழ் குறையும் என்கிற வரிசையே தலைகீழாகிவிடுமே? நந்தினி ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, சத்தம் போட்டே சண்டை பிடித்தோம். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முடிவு ஒன்றும் வராமல் லேபைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்கும் இதே குழப்பத்தோடு நின்றால் முதலாளி நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேனோ என்று என்னையே நான் நம்பவில்லை. குழப்பத்தில் இருக்கிறவர்கள் எது கைக்குக் கிடைத்தாலும் பிடித்துக்கொள்வார்கள். அடுத்தவர் மேல் பழி என்பது சுலபமாகக் கைக்கு எட்டுகிற ஒன்று.

காலையில் நான் போவதற்கு முன்பே நந்தினி வந்து வாசலில் நின்றிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சோடியம் கெட்டியா புடிச்சிக்கும். ஒத்துக்கறேன் மேடம். ஆனா இந்தத் தண்ணியில சோடியம் எத்தினி, பொட்டாசியம் எத்தினி?"

சோடியம் மலை மாதிரி. பொட்டாசியம் அதன் அடியில் கிடக்கிற கூழாங்கல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு சோடியம் அணு கருமிதான், ஆனால் கருமிகள் ஊர்ப்பட்ட பேர் வந்திருக்கிறார்கள். அவர்களில் கொஞ்சம் பேர் கை நழுவ விட்டாலே தீ முழுக்க எலக்ட்ரான் நிறைந்துவிடும். எலக்ட்ரானை இழந்த பொட்டாசியம் பக்கத்தில் கிடப்பதைப் பிடித்துக்கொண்டு மறுபடி முழு அணுவாகிவிடும், மெஷின் கண்ணில் பட்டுவிடும். வரிசை ஒன்றும் தப்பவில்லை. யார் இறுக்கம் என்பதை மட்டும் அது சொல்கிறது. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் அவள் எண் கூடுதல். உப்போடு சேர்ந்த பொட்டாசியத்தை, உப்பே இல்லாத ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டிருக்கிறாள். என் எண் குறைவு. நானும் வேலூர்காரர்களும் ஊர் வழக்கப்படி தண்ணீரை ஊற்றித் தள்ளி, உதவிக்கு இருந்த உப்பையும் இளைக்க வைத்து, பொட்டாசியத்தைத் தீயில் தொலைத்திருக்கிறோம். இரண்டு லேப் ஒத்துப்போகிறது என்றால் உண்மை என்று நினைத்தோமே, ஒத்துப்போனது பழக்கம்தான்.

"சீசியம் இல்லன்னா இன்னா மேடம்? உப்பு இருக்கே. எல்லாத்துலயும் ஒரே அளவு, நிறைய போட்டுடலாம்."

சொன்னது சரி. ஆனால் உப்பை அள்ளி மெஷினுக்குள் விடுவதா? அந்த மெஷினுக்கு ஏதாவது ஆனால் லேப் படுத்துவிடும். காலமெல்லாம் உப்பைக் கண்டால் ஓடியவள் நான். முதலாளியிடம் கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. பர்னர் அடைத்துக்கொண்டால் நானே உட்கார்ந்து சுத்தம் பண்ணுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, "போடு" என்றேன்.

ஸ்டாண்டர்டில் உப்பு, அவள் டைலூஷனில் உப்பு, என் டைலூஷனில் உப்பு. நீலமாக எரிந்த தீ மஞ்சளாகக் கொழுத்து எரிந்தது. அவளுடைய சாம்பிளை விட்டோம். என்னுடையதை விட்டோம். பெருக்கிப் பார்த்தோம். இரண்டும் ஒரே எண். அவள் முன்பு எழுதியதற்குக் கீழே, நான் பார்த்ததற்கு மேலே. நம்ப முடியாமல் வேறு அளவில் டைலூட் பண்ணி மறுபடி விட்டோம். அதே எண். நந்தினி ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மத்தியானம் பாய் வந்தார். முதலாளி அறையில் நான்கு பேரும் உட்கார்ந்தோம். நான் விளக்கினேன். பாதியில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது, நந்தினி பிடித்துக்கொண்டாள். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கள உப்ப கம்மி பண்ணுங்கறீங்க. நீங்க உப்ப கொட்டி டெஸ்ட் பண்றீங்க. நல்லா இருக்கு போங்க" என்றார். கோபமில்லை. அவருக்கு வேண்டியது ஒரு சரியான எண், அது கிடைத்துவிட்டது.

முதலாளி அப்படி விடுவதாக இல்லை. "அப்ப மொதல்ல குடுத்த ரிப்போர்ட் தப்பு" என்றார்.

"தப்புதான் சார்" என்றேன். "என் ரீடிங்கும் தப்பு."

நந்தினியைத் தப்பாக நினைத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது முகத்தில் தெரிந்தது. அதைச் சரிக்கட்ட அவருக்குத் தெரிந்த வழியில், இளகின குரலில் சொன்னார். "சரி விடு பாப்பா. புது ரிப்போர்ட் போட்டுடு. பழசு டைப்பிங் மிஸ்டேக்னு ஒரு வரி எழுதிடு. உனக்கும் ஒண்ணுமில்ல, லேபுக்கும் ஒண்ணுமில்ல."

நல்ல மனதோடுதான் சொன்னார். பாயும் சரி என்பது போலத் தலையாட்டினார். நான்கூட அப்பாடா என்று மூச்சு விட்டேன். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து இதற்காகத்தானே அலைந்தோம்?

நந்தினி எழுந்து நின்றாள்.

"முடியாது சார்."

"ஏன்?"

"நான் டைப்பிங்ல தப்பு பண்ணல. மெஷின்ல பாத்தத எழுதனேன், பாத்தது தப்பா இருந்துச்சி. நேத்து நீங்க, பாக்காம எழுதனேன்னு சொன்னீங்க. இப்ப இத எழுதனா அதுதான் சார் நான் மொத மொதல்ல பாக்காம எழுதறது."

போன வேலை திரும்பக் கைக்கு வந்த அதே நிமிஷத்தில் அதை மறுபடி மேசைமேல் வைத்துவிட்டாள். முதலாளி அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தார். இந்த முறை எனக்குக் குழப்பமே இல்லை.

"முறை தப்பு, அதனால ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கறோம்னு போடலாம் சார். கீழ நான் கையெழுத்து போடறேன்."

"லேப் பேரு கெடும் மேடம்."

"கெட்டா கெடட்டும் சார்."

அவர் பாயைப் பார்த்தார். பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு தன் நாற்காலியை விட்டு எழுந்து, கம்ப்யூட்டர் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"இங்க உக்காந்து நீயே எழுதும்மா," என்றார். "நீ பாத்தத எழுது."